கேமரன் ஏறுறதுக்கு முன்னாடி

மச்சான்,

எப்படிடா இருக்க? உன் மகளுக்கு இங்க யுஎஸ்எம் யுனிவர்சிட்டில இடம் கிடைச்சிருச்சுன்னு நீ சொன்னதுலேந்து வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம், ஹாஸ்டல்லாம் வேணாம் நம்ம வீட்டுலயே தங்கட்டும்னு இப்பவே ரூம கூட்டி வச்சிருச்சு. பினாங்குல தினமும் சாயங்காலம் மழை.

மோட்டார் சைக்கிள்ல கேமரன் மலைக்கு ஏறி டெண்ட் போட்டு தங்குறதுக்கு நீ அனுப்புன சாமான் லிஸ்ட்ட ரெண்டு தடவ படிச்சேன். மடிக்கிற மேசை, ஃபேன், கலர் லைட்டு, காப்பி அரைக்கிற மிஷின் எல்லாம் இருக்கு, பஞ்சர் சாமான் ஒன்னு கூட காணோம், அதான் உடனே எழுதுறேன். ஸ்போக் ரிம் மாத்துனதுலேந்து உனக்கு டியூப் டயரு, கயிற குத்தி அடைக்கிற கிட்டு டியூப்லெஸ்ஸுக்குத்தான், உனக்கு வேலைக்கு ஆகாது. ஸ்பேர் டியூப், டயர் கழட்டுற லீவர் ரெண்டு, கைப் பம்ப், பின் வீல் நட்டுக்கு சரியான ஸ்பானர், இதுங்கள மொதல்ல வச்சிட்டு அப்புறம் மத்தத பாரு.

போன அக்டோபர்ல கூலிம் பக்கம் சுங்கை செடிம்ல தங்குனேன்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு முதுகு சில்லுன்னு ஆகி முழிச்சேன். டெண்ட் ஒழுகல மச்சான். அடியில விரிச்ச கான்வாஸ் டெண்ட்ட விட ஒரு சாண் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, மேல விழுந்த மழை வழிஞ்சு அதுல எறங்கி நேரா எனக்கு அடியில வந்து தேங்கிருச்சு. பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி வச்சிருந்த ஒரு காஞ்ச சட்டையும் சாரமும்தான் விடியிற வரைக்கும் காப்பாத்துச்சு. கான்வாஸ் ஓரத்த உள்ள மடக்கி விடு, மறந்துடாத.

செடிம்ல சாரம் போதும், ஆனா கேமரன்ல தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல, ராத்திரி 15, 16 டிகிரிக்கு எறங்கிடும், குளிரு தரையிலேந்துதான் ஏறும். அதனால ஸ்லீப்பிங் பேக் வாங்குற காசுல மொதல்ல நல்ல மெத்தை ஒன்னு வாங்கு.

நாற்காலிய விட்டுட்டு வான்னு நான் சொல்லவே மாட்டேன். முதுகு ஆப்பரேஷன் பண்ணவன் தரையில குந்தி எந்திரிக்க முடியாது, எனக்கு அது சொகுசு, உனக்கு அவசியம். மேசைய விட்டுடு. கனமான சாமான சீட்டுக்கு ஒட்டி தாழ்வா கட்டு, கேரியர் கடைசில கட்டுனா தாப்பாவுலேந்து ஏறுற அந்த 60 கிலோமீட்டர் வளைவுல முன் வீல் லேசாயிடும்.

ஆத்தோரம் எவ்வளவு அழகா இருந்தாலும் மேட்டுலதான் டெண்ட் போடுறோம். தண்ணி திடீர்னு கலங்கி இலை குச்சியெல்லாம் வந்தா கெப்பாலா ஆயேர், அதான் மேலேந்து திடீர்னு பாயுற வெள்ளம், வருதுன்னு அர்த்தம், சாமான விட்டுட்டு மேல ஏறிடணும்.

நான் சிம்பாங் பூலாய் வழியா வரேன், நீ காலையிலயே தாப்பாவுல வண்டிக்கு எண்ணெய் அடிச்சிட்டு ஏறிடு. அடுப்பு, கேஸ், சட்டி எல்லாம் நான் கொண்டாறேன், நீ எதையும் தூக்காத. காப்பித்தூள் மட்டும் கொண்டா, அரைச்சதா.

உன் கூட்டாளி
ஜெலுத்தோங்