அழைப்பிதழில் உன் பெயர்

பொறையார்,
நவம்பர் கடைசி வாரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மழைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் ராத்திரி பத்து மணிக்குத்தான் வருகிறது. அதற்குள் எனக்குக் கண்ணைச் சொக்கிவிடும். அதனால் டைப் அடிக்கிற பெண் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி.

இந்த வாரம் இரண்டு நாள் கலெக்டர் லீவு விட்டார். லீவு நம் ஊர் லுத்தரன் கல்லூரிக்குத்தான், நம் ஜெராக்ஸ், அச்சுக் கடைக்கு இல்லை. செமஸ்டர் பரீட்சை நடக்கிற சமயம். ரெக்கார்ட் நோட்டைப் பாலிதீன் பையில் சுற்றி, அதைத் துப்பட்டாவுக்குள் ஒளித்து, தான் முழுக்க நனைந்து நோட்டை மட்டும் நனையாமல் கொண்டு வருகிறார்கள் பிள்ளைகள். பையன்கள் நேர்மாறு. தலையில் நோட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து, "அங்கிள், அட்டை மட்டும் மாத்திக் குடுங்க, இன்னிக்கே சைன் வாங்கணும்" என்பார்கள். ஊறிப்போன அட்டையைப் பிய்த்துவிட்டுப் புது அட்டை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியை இலேசாக வைத்து எடுக்கிறேன். அம்மாவின் இஸ்திரிப் பெட்டிதான். அவளிடம் சொல்லாதே.

முதல் வருடப் பிள்ளைகள் கூட்டம் இன்னொரு பக்கம். உன் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது, புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கு வந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். இரண்டு வருடம் கழித்துப் பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் என்று கொடுத்துவிட்டார்கள். ஆதார் நகல், பாஸ்புக் நகல், மாற்றுச் சான்றிதழ் நகல் என்று நம் ஜெராக்ஸ் மெஷின் சூடு ஆறுவதே இல்லை. சந்திரபாடி, பெருமாள்பேட்டை மீனவப் பிள்ளைகள், ஆயப்பாடி, சங்கரன்பந்தல் முஸ்லிம் பிள்ளைகள், ஆக்கூர், திருக்கடையூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரையும் அந்தக் கவுண்டரில் பார்க்கலாம். லுத்தரன் கல்லூரி என்று பெயர்ப் பலகை இருந்தாலும் நம் சபைப் பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது. சபைப் போதகர் ஐயர்கூட ஒரு பிரசங்கத்தில் அப்படித்தான் சொன்னார்.

சரி, வரப்போகிற விசேஷங்களுக்கு வருகிறேன். ஊரில் யாருக்குத் தெரிவதற்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். ஆர்டர் நோட்டைப் புரட்டினால் பொங்கல் தாண்டி எழுதியிருக்கிறது. ஆனால் தொழில் முன்பு மாதிரி இல்லை. 500 பிரதி அடித்த இடத்தில் 50 போதும் என்கிறார்கள். "வாட்ஸ்அப்ல போடறதுக்கு ஒரு பிடிஎஃப் மட்டும் குடுத்துடுங்கண்ணே" என்கிறார்கள். அந்த பிடிஎஃப்புக்குக் காசு கேட்டால் முகம் சுருங்குகிறது. மேட்டர் ஒரு வரி, பெயர்கள் முப்பது வரி என்கிற வழக்கம் மட்டும் மாறவில்லை. முன்னிலை, தலைமை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வருவது என்பதற்கு மூன்று புரூஃப் ஆகிறது. திருக்கடையூர் அறுபதாம் கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு பாடு படுத்துவதில்லை.

கல்லூரிப் பெயரை முழுதாகப் போட்டால் ஒரு வரியில் அடங்காது. தரங்கை பேராயர் மாணிக்கம் லுத்தரன் கல்லூரி. புதிதாக வந்த ஒரு சார், "சுருக்கமா டி.பி.எம்.எல். காலேஜ்னு போட்டா போதாதாண்ணே, யார் இந்த மாணிக்கம்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நம் திருச்சபைக்கு அதுவரை வெளிநாட்டவரே பேராயராக இருந்தார்கள். 1956-ல் ராஜா மாணிக்கம் ஐயர்தான் முதல் இந்தியப் பேராயராக வந்தார் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார், நல்ல மனுஷர்தான். பெயர் முழுதாகவே வந்திருக்கிறது, இரண்டு வரியில்.

என்.எஸ்.எஸ். பிள்ளைகள் ஒரு மடிப்புத் தாள் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். லீவு நாளில் தரங்கம்பாடி கோட்டை பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கவாம். மேட்டர் அவர்களே எழுதியது. புரூஃப் பார்க்கிற சாக்கில் நான் கொஞ்சம் கை வைத்தேன். 1706 ஜூலை 9-ல் ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்குவும் புளுட்சோவும் கப்பலில் வந்து இறங்கினார்கள், டென்மார்க் அரசர் அனுப்பினார் என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். அச்சுக்கூடத்தைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. எனக்கு மனசு கேட்குமா? ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிசு, அதை வைத்து அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது என்று தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம் இல்லாமல், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். அந்த எழுத்து வந்த பிறகுதான் 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்கு நம் பொறையாரிலேயே ஒரு காகிதப் பட்டறை வைத்தார்கள், அதுதான் கடுதாசிப்பட்டறை. இதையெல்லாம் சேர்த்ததில் மடிப்பு ஒன்று கூடிவிட்டது. அதற்குக் கூடுதல் காசு கேட்கவில்லை. ஈய எழுத்துக் கோத்து உன் தாத்தா விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன், இதற்குக் கணக்குப் பார்த்தால் எப்படி?

பரீட்சை முடிந்ததும் கல்லூரியில் கிறிஸ்துமஸ் விழா. இந்த முறை கேக்கோடு சேர்த்துப் பிரியாணியும் உண்டாம், அதற்குத் தனி வசூல் நடக்கிறது. நம் சபையில் டிசம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ். தம்பி டிரம் வாசிக்கிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறான், தெரு பாவம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இந்தத் தடவை தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போகலாம் என்று அம்மா சொல்கிறாள். 1718-ல் சீகன்பால்கு கட்டிய கோயில். அடுத்த வருடமே, 37 வயதுகூட முடியாமல், அவர் அதற்குள்ளேயே அடக்கமாகிவிட்டார். சின்ன வயதில் அந்தக் கல்லறையைக் காட்டி, "இவருக்கு இங்கே காற்று வருமாப்பா?" என்று நீ கேட்டாய்.

மறுநாள் 26. அதுதான் இந்த ஊரில் கிறிஸ்துமஸை முழுசாகக் கொண்டாட விடுவதில்லை. 2004 சுனாமியில் போனவர்களுக்காகக் கடற்கரையில் மெழுகுவர்த்தி, பால், பூ. நினைவஞ்சலி நோட்டீஸ் இப்போதே வர ஆரம்பித்துவிட்டது. பெரியவர் ஒருவர் வருடா வருடம் அதே பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து வருவார், உனக்கும் ஞாபகம் இருக்கும். உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் வெளுத்த படம். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் எப்போதோ வைத்துவிட்டேன், கொண்டுவரத் தேவையில்லை என்று சொல்லியும் ஆயிற்று. ஆனாலும் கொண்டு வருகிறார். நானும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்கிறேன். இந்த வருடம் ஒன்று கேட்டார்: "பையன் இருந்திருந்தா இந்தக் காலேஜ்லதானே சேர்த்திருப்பேன்?" ஆமாம் என்றேன்.

ஜனவரி 14 நம் திருச்சபை அமைந்த நாள், 1919-ல். போகியும் பொங்கலும் அதை ஒட்டியே வருவதால் நம் வீட்டில் எப்போதும் போலப் பானையும் ஆராதனையும் ஒரே அவசரத்தில் நடக்கும். பொங்கல் கழித்து வருகிற சனிக்கிழமைதான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்த விஷயம். முன்னாள் மாணவர் கூட்டம்.

போன வாரம் உன் காமர்ஸ் டிபார்ட்மென்டிலிருந்து ஒரு மேடம் அழைப்பிதழ் மேட்டரோடு வந்தார்கள். வழக்கமான பெயர்களெல்லாம் இருந்தது. நடுவில் 'முன்னாள் மாணவர் உரை' என்று போட்டு, பக்கத்தில் வெறும் புள்ளிகள். "இந்த இடத்துல உங்க பொண்ணு பேரைப் போடலாம்னு நினைக்கிறோம். போன்ல கேட்டா பிடி குடுக்க மாட்டேங்கறா, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றார்கள். நீ அவர்களிடம் என்ன சொன்னாய் என்பதையும் சொன்னார்கள். "நான் என்ன பெரிய ஆளா மேடம், எனக்கே ஒரு செமஸ்டர்ல ரெண்டு அரியர் இருந்துது."

அந்த அரியரோடுதான் உன்னைக் கூப்பிடுகிறார்கள், பாப்பா. ஐ.ஏ.எஸ். ஆனவர், வெளிநாட்டில் பேராசிரியர் ஆனவர் எல்லாரும் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் கை தட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அத்தோடு சரி. அந்த உயரத்துக்கு ஏணி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றாம் வருடம் பி.காம். படிக்கிற ஒரு பிள்ளை அடிக்கடி கடைக்கு வருவாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் கூடை சுமக்கிறவர். போன திங்கட்கிழமை மழை விடட்டும் என்று கடையிலேயே நின்றாள். "அங்கிள், பி.காம். முடிச்சா அடுத்து என்ன? எங்க ஊர்ல எல்லாம் பி.எட். இல்லைன்னா கல்யாணம்னு சொல்றாங்க" என்றாள். என் பொண்ணு சி.எம்.ஏ. முடித்தாள் என்றேன். "அப்படின்னா?" என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு, டிகிரி முடித்தால் பவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம், அதில் இரண்டு குரூப், பிறகு ஃபைனலில் இரண்டு குரூப், வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் பரீட்சை. அதற்கு மேல் அவள் கேட்டதற்கெல்லாம் நான் முழித்தேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா? ஒரு குரூப்பில் பெயில் ஆனால் எல்லாமே போய்விடுமா? இங்கிலீஷ் சரியாக வராதவர்கள் எழுத முடியுமா? புத்தகத்துக்கு எவ்வளவு ஆகும்? எல்லாமே நீ பட்டு அறிந்த விஷயம். கடைக்குள் அந்த மூலையில், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து இன்டர் இரண்டாவது குரூப்பை மூன்றாம் தடவையாகப் படித்தாயே, அதைச் சொன்னால் போதும். அவள் ஒரு துண்டுப் பேப்பர் கேட்டு வாங்கி, நான் சொன்னதை எழுதி, மடித்து, போன் கவருக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனாள்.

மேடை, மாலை, சால்வை எல்லாம் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். 'சிறப்பு விருந்தினர்' என்று போட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். உரை இருபது நிமிஷம் போதும், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள் என்றேன், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் குரூப் போட்டோவுக்கு எழுந்து போய்விடுவார்கள். முடிந்ததும் காமர்ஸ் பிள்ளைகளோடு மட்டும் ஒரு வகுப்பறையில் ஒரு மணி நேரம் உட்காரு, கேள்வி கேட்கட்டும். அதற்கு மேடமும் சரி என்றார்கள். உண்மையில் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம்.

லீவு கிடைக்காது என்றால் சொல்லிவிடு, கோபமில்லை. கூச்சம்தான் காரணம் என்றால் மட்டும் நான் விடுவதாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேட்டர் மாயவரம் ஆஃப்செட்டுக்குப் போகிறது. பிளேட் போட்ட பிறகு பெயர் சேர்க்க முடியாது. வியாழக்கிழமை ராத்திரிக்குள் ஒரு வார்த்தை சொல். பெயருக்குப் பின்னால் பி.காம்., சி.எம்.ஏ. என்று மட்டும் போடுவதா, கம்பெனிப் பெயரும் வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல். இனிஷியல் அம்மா பெயரையும் சேர்த்துப் போடச் சொல்வாய் என்று நினைத்து இரண்டு எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா.

பின்குறிப்பு: வருவதாக இருந்தால் புனேயிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து மாயவரத்துக்கும் இன்றைக்கே டிக்கெட் பார். பொங்கல் கூட்டம், வெயிட்டிங் லிஸ்ட் ஏறிக்கொண்டே போகும். மாயவரத்தில் இறங்கினால் தம்பி வண்டியோடு நிற்பான். தரங்கம்பாடிக்கு மறுபடி ரயில் விடப்போகிறார்கள் என்று இந்த வருடமும் பேசிக்கொள்கிறார்கள், அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. நல்ல இஸ்திரிப் பெட்டி ஒன்று உன்னால் ஆன்லைனில் போட முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பழசு ஏதோ பசை நாற்றம் அடிக்கிறதாம்.