நஞ்சுக்கொடி விழக் காத்திருக்க வேண்டாம்

ஐயா,

மாடு நஞ்சுக்கொடி போட்ட பிறகே சீம்பால் கறக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. கன்றுகளைக் கொல்வது இந்தத் தாமதம்தான். பிறந்த கன்றின் உடலில் நோய் எதிர்ப்பு சக்தி அநேகமாக இருக்காது. சீம்பாலில் உள்ளதைக் குடல் உறிஞ்சுவதும் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றுவிடும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். பாதியை முதல் 2 மணி நேரத்திலும், மீதியை 12 மணி நேரத்துக்குள்ளும் கொடுங்கள்.

முதல் நான்கு நாளில் கன்று மஞ்சளாக, தண்ணீராகக் கழிந்தால் காரணம் பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. இது குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரந்து உடல்நீரை வெளியே இழுக்கிறது. சுவர் அவ்வளவாகச் சிதைவதில்லை, ஆகவே வாய்வழி நீர் பலன் தரும். பாலை நிறுத்தாதீர்கள் (பலரும் செய்யும் தவறு இது). ஓஆர்எஸ் பொடியை உறையில் சொன்ன அளவு வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பால் கொடுத்து 2 மணி நேரம் கழித்துத் தனியே புகட்டுங்கள். கண் குழிந்து, எழ முடியாமல் கிடந்தால் ரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்றியாக வேண்டும். மருத்துவரை உடனே அழையுங்கள். காய்ச்சலோடு ரத்தக் கழிச்சல் என்றால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

– கால்நடை மருத்துவர், நாமக்கல்