ராஜகால்வாய்ச் சுவரைக் கட்டித் தரக் கோரி, கீரைத் தோட்டப் பெண்களின் மனு

அனுப்புநர்: கீரைத் தோட்டப் பெண்கள், லிங்கராஜபுரம், பெங்களூரு.
பெறுநர்: உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது எங்கள் நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் முத்திரை குத்திய நகல் இருக்கிறது, பதில்தான் இல்லை. போன வருடம் வந்து பார்த்தபோது எங்களோடு தமிழிலேயே பேசினீர்கள். அந்தத் தைரியத்தில் இதைத் தமிழில் எழுதுகிறோம். கன்னடப் பிரதியும் பின்னால் வைத்திருக்கிறோம்.

இடம் உங்களுக்குத் தெரியும். மேம்பாலம் இறங்கி, மாரியம்மன் கோயில் தாண்டி, ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் திரும்புகிற முனை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றீர்களே, அதே இடம்.

1. அங்கே 6 குண்டே (40 குண்டே ஒரு ஏக்கர்) நிலத்தில் நாங்கள் 9 பேர் அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை, சப்பசிகே என்கிற சதகுப்பைக் கீரை போடுகிறோம். நிலம் எங்களில் ஒருத்தியின் மாமனார் வீட்டுச் சொத்து, ஆக்கிரமிப்பு இல்லை. உரம், வீடு வீடாக வாங்கி மட்க வைத்த காய்கறிக் கழிவு. தண்ணீர், கிணற்றுத் தண்ணீர். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்ததே, அப்போதும் நாங்கள் பயப்படவில்லை. காவிரித் தண்ணீரில் ஒரு குடம்கூடப் பாத்திக்கு ஊற்றியதில்லை.

2. வளைவில் கால்வாய்ச் சுவர் 15 அடிக்கு இடிந்து கிடக்கிறது. அரை மணி நேரம் மழை பெய்தால் போதும், கால்வாய் தோட்டத்துக்குள் ஏறிவிடுகிறது. பேர் என்னவோ மழைநீர்க் கால்வாய். வருவது மழைநீராக இருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். மேலே எத்தனை வீட்டுக் கக்கூஸ் குழாய் அதில் சேர்ந்திருக்கிறது என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

கீரை 25, 30 நாள் பயிர். இருபதாம் நாள் சாக்கடை ஏறினால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது, இன்னும் கரும்பச்சையாகக்கூட நிற்கும். அலசிக் கட்டி விற்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் கிருமி மட்டுமா இருக்கிறது? பட்டறைக் கழிவு கலந்தால் ஈயமும் காட்மியமும் கீரைக்குள்ளேயே ஏறும், எத்தனை தடவை அலசினாலும் போகாது. அதனால் பிடுங்கிவிடுகிறோம். போன ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் 4 தடவை பிடுங்கினோம். ஒரு தடவை, அறுப்பு நாள். விடியற்காலை 5 மணிக்குக் கத்தியும் வாழைநாருமாகப் போனோம். கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர். அன்றைக்கு ஒருவர் மாட்டுக்காவது கொடுங்கள் என்று கேட்டார். மாட்டுக்கும் கொடுக்கவில்லை.

இவ்வளவு செய்தும் தெருவில் எங்கள் கீரைக்குப் பேர் ‘மோரி சொப்பு’, அதாவது சாக்கடைக் கீரை. வாடிக்கையாக வாங்கினவர்கள் எங்களைத் தாண்டிப் போய், ஓசூரிலிருந்தும் மாலூரிலிருந்தும் லாரியில் வந்த வாடின கட்டை வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பிள்ளைக்குக் கொடுக்கிற கீரை.

3. தூர் வாரினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வாரின சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். 10 நாளில் மழை வந்து பாதியைத் திரும்பக் கால்வாய்க்குள்ளும் பாதியை எங்கள் பாத்தியிலும் இறக்கியது. இதற்குப் பேர் தூர் வாருவதா ஐயா?

4. மணல் மூட்டை அடுக்கச் சொன்னீர்கள். அடுக்கினோம், எங்கள் காசில். போய்விட்டது.

5. போன தடவை அலுவலகத்தில் ஒருவர், “ஊருக்குள்ளே கீரை எதற்கம்மா, கார் நிறுத்த விட்டால் மாதா மாதம் வாடகை வருமே” என்றார். சரி, விட்டுவிடலாம். அப்புறம் மேடையில் யாரும், வீட்டுக்கு வீடு தோட்டம் போடுங்கள், உள்ளூரில் விளைந்ததை வாங்குங்கள் என்று பேசக் கூடாது. கோபமாக எழுதுகிறோம் என்று நினைக்காதீர்கள் என்று எழுத வந்தோம். கோபம்தான்.

மானியம் கேட்கவில்லை, விதை கேட்கவில்லை. 15 அடிச் சுவர், அதைக் கட்டித் தாருங்கள். வாரின சேற்றை அன்றன்றைக்கே ஏற்றிப் போகச் சொல்லுங்கள். கக்கூஸ் குழாய்களைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்ற நாளாகும், புரிகிறது. சுவருக்கு அவ்வளவு நாள் ஆகாது. இப்போது மாசி, சித்திரையில் கோடை மழை பிடித்துவிடும். அதற்குள், தயவுசெய்து, அந்தச் சுவரைக் கட்டித் தாருங்கள் ஐயா.

அளக்க வருகிற நாளை முன்னாடியே சொன்னால் 9 பேரும் இருப்போம். காலை 8 மணிக்கு முன் வந்தால் நல்லது, அப்புறம் 4 பேர் வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
கீரைத் தோட்டப் பெண்கள்
(9 பேர் கையெழுத்தும் கைநாட்டும் மறுபக்கம்)