தேர்வெழுதிப் பெற்ற மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள்

கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர் நான். எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரின் விண்ணப்பம் உங்கள் இணையதளத்தில் பாதியில் நின்றுபோனது. பரிந்துரைப்பவருக்கு நிறுவன மின்னஞ்சல் முகவரி கட்டாயமாம். எங்களைப் போன்றவர்களுக்குக் கல்லூரி அப்படியொரு முகவரி தருவதில்லை. ஜிமெயிலைப் படிவம் ஏற்கவில்லை. முதல்வர் கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதத்தைத் தனியே அனுப்பினோம். பதில் வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது.

அந்த மாணவி ஜவ்வாது மலைப் பழங்குடிக் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர். ஒன்றிய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில், ஐஐடிகள் சேர்ந்து உருவாக்கிய என்பிடெல் திட்டம் நடத்தும் குவாண்டம் இயக்கவியல் பாடத்தைப் படித்தார். ஊரில் சிக்னல் கிடைக்காததால், மாலையில் பஸ் வரும்வரை நிலையத்தில் உட்கார்ந்து விரிவுரைகளைப் பதிவிறக்கிக்கொள்வார். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி; ஆங்கில விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் குறிப்பெடுப்பார். வாராவாரம் ஒப்படைப்பு. இறுதித் தேர்வைத் தேர்வு மையத்துக்கு நேரில் போய்க் கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதித் தேறினார். பாடம் நடத்தியவர் ஒரு ஐஐடி பேராசிரியர்.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படித்து, அந்த மதிப்பெண்ணைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இலேயே விதி வகுத்துவிட்டது. பட்டத்துக்குச் செல்லுபடியாகும் அந்த மதிப்பெண்ணுக்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. என் பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது, அதுவும் சரியான முகவரியிலிருந்து வந்தால்.

ஆகவே கேட்கிறேன்: கண்காணிப்புடன் நடக்கும் இணையப் பாடத் தேர்வின் மதிப்பெண்ணைப் பரிந்துரைக் கடிதத்துக்கு மாற்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆய்வு நிறுவனத்தில் தெரிந்த பேராசிரியர் இருக்கும் மாணவருக்குக் கடிதம் ஒரு பொருட்டே அல்ல. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் ஆண்டுக்கணக்கில் எங்களை வைத்தே ஓட்டும் கல்லூரிகளில், மாணவரை அறிந்த ஆசிரியர் அடுத்த ஆண்டு அங்கேயே இருப்பாரா என்பதுகூட உறுதியில்லை. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல, அறிவேன். ஆனால் பின்தங்கிய பகுதி மாணவர்களை வரவேற்பதாக அறிவிப்பில் எழுதுகிறவர்கள் நீங்கள். கோபம் வருகிறது, பொறுத்தருளுங்கள்.

அடுத்த அறிவிப்பு வெளியாகும் முன் இந்த ஒரு திருத்தத்தைச் செய்துதருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தேர்வு மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த மாணவிக்கு இனி அது பயன்படாது, படிப்பு முடிகிறது. இரண்டாம் ஆண்டில் நான்கு பேர் அதே பாடத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்