மருத்துவர் முன் நடப்பதும் வீட்டில் நடப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை கைநடுக்கம், தசை விறைப்பு, மாத்திரை வேளை தவறாமை ஆகியவற்றை நன்கு விளக்கியிருந்தது. ஆயினும் நோயாளியின் அன்றாட நடைக்கும் அவருடைய சிந்தனைத் திறனுக்கும் உள்ள நெருங்கிய உறவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இடம்பெறவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நலமாக இருப்பவர் நடக்கும்போது அடுத்த அடியைப் பற்றி யோசிப்பதில்லை. பார்க்கின்சன் நோயில், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் குறையும்போது, பழக்கத்தில் ஊறிய அசைவுகளைத் தாமாகவே நடத்திச் செல்லும் மூளைப்பகுதி முதலில் பாதிக்கப்படுவதால், அந்த வேலையைக் கவனத்துக்கும் திட்டமிடலுக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி ஏற்றுக்கொள்ள நேர்கிறது. ஒவ்வோர் அடியும் யோசித்து வைக்கும் அடியாகிறது. அந்த முன்பகுதியின் திறனும் இதே நோயால் மெல்லத் தேயக்கூடியது என்பதுதான் சிக்கல்.

மருத்துவர் தம் அறையில் நோயாளியை நேராகச் சில மீட்டர் நடக்கச் சொல்கிறார். யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வில் நோயாளியும் முழுக் கவனத்தையும் கால்களில் வைத்து ஓரளவு நன்றாகவே நடந்து காட்டிவிடுகிறார். வீட்டில் அவர் நடப்பது அப்படியன்று. கையில் தண்ணீர்க் குவளையுடன், பின்னாலிருந்து கூப்பிடுபவருக்குப் பதில் சொல்லியபடி, குறுகலான வாசலில் திரும்ப வேண்டியிருக்கிறது. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவது பெரும்பாலும் இத்தகைய தருணங்களில்தான். 'டாக்டரிடம் மட்டும் நன்றாக நடக்கிறார்' என்று குடும்பத்தினர் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அதை நோயாளியின் நடிப்பாகக் கொள்வது அநியாயம்.

பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்களைப் பற்றி ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997-இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். அவ்வாறு நின்ற 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்திருந்தனர். அது பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்று செய்யப்பட்ட ஆய்வு அன்று என்றாலும், நடையும் கவனமும் ஒரே கையிருப்பிலிருந்து செலவாகின்றன என்பதை அதைவிட எளிமையாகக் காட்டுவது கடினம்.

இதில் டோபமின் மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. டோபமின் குறைவை ஈடுசெய்யத் தரப்படும் லெவோடோபா மாத்திரை அடியின் நீளத்தையும் வேகத்தையும் கூட்டுகிறது. அடிக்கு அடி மாறுபடும் சீரின்மையை அந்த அளவுக்குச் சரிசெய்வதில்லை. கவனத்துக்கும் நினைவுக்கும் இன்றியமையாத அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் குறைவும் நடை தடுமாறக் காரணமாகிறது. நினைவுத்திறன் குறைவுக்குத் தரப்படும் ரிவாஸ்டிக்மின் மருந்து, பார்க்கின்சன் நோயாளிகளின் நடையைச் சற்றுச் சீராக்கியதாக 2016-இல் ஒரு மருத்துவச் சோதனை காட்டியது. நடைக்கு ஒரு மருத்துவர், நினைவுக்கு வேறொருவர் என்று பிரித்துப் பார்ப்பது பொருந்தாது என்பதற்கு இதுவே போதும்.

இடுப்பில் அணியும் சிறு உணரிகளால் (சென்சார்) இன்று வீட்டு நடையையே நாட்கணக்கில் பதிவுசெய்ய முடிகிறது. இத்தனை ஆயிரம் அடி நடந்தார் என்ற எண்ணிக்கையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மனச்சோர்வும் ஆர்வமின்மையும்கூட அதைக் குறைத்துவிடும். அடிகளின் சீர், திரும்பும் விதம், இடையில் நிற்கும் நேரம் ஆகியவையே கூடுதலாகச் சொல்லும். நடை குறைந்ததால் சிந்தனை மங்கியதா, சிந்தனை மங்கியதால் நடை குறைந்ததா என்பதை இத்தகைய பதிவுகளை மட்டும் வைத்து முடிவுசெய்துவிடவும் இயலாது.

உணரி இல்லாத வீடுகளிலும் செய்யக்கூடியது உண்டு. நோயாளி அறியாதபடி அல்ல, அவர் சம்மதத்துடன், வீட்டில் அவர் நடப்பதைக் கைபேசியில் பதிந்து மருத்துவரிடம் காட்டலாம். கணக்குப் பார்ப்பதிலோ வேலைகளை வரிசைப்படுத்துவதிலோ புதிதாகத் தடுமாற்றம் தெரிந்தால், நடையைப் பற்றிப் பேசும் அதே வேளையில் அதையும் சொல்லலாம். விழுந்த அனுபவமுள்ளவர் திரும்பும்போது பேச்சுக் கொடுக்காதிருப்பது நல்லது. அதற்காக எல்லா நோயாளிகளையும் பேசாமல் நடக்கச் சொல்லத் தேவையில்லை: நடந்துகொண்டே வேறொன்றைச் செய்யும் பயிற்சியை இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் மேற்கொண்ட, நோய் மிக முற்றாத நோயாளிகளின் நடை மேம்பட்டதாகவும், அதனால் விழுவது அதிகரிக்கவில்லை என்றும் 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது. இப்பயிற்சி யாருக்குப் பொருந்தும், எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்பதை ஒரு நரம்பியல் மருத்துவரைக் கொண்டு தங்கள் நாளிதழ் விளக்கி எழுதச் செய்தால் பல குடும்பங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்