ஆறாம் கட்டில் அப்பத்தாவுக்கு

அப்பத்தா,

ஏழாம் கட்டில் பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு, நேற்று ராத்திரி வியர்த்து அசந்து தூங்கினாள். காலையில் இட்லி கேட்டாள். இந்தச் சேதி வருவதற்குள் நீங்கள் பேரனைக் கூட்டிக்கொண்டு மேலூர் பஸ் ஏறிவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். நடந்ததெல்லாம் வார்டுக்கே தெரியும்.

அடுத்தவர் பிள்ளை என்று பார்க்கவில்லை நீங்கள். சிக்கு விழுந்த தலையைக் காணப் பொறுக்காமல் எண்ணெய் தொட்டுச் சீவ உட்கார்ந்தீர்கள். "தாயி, இங்க வந்து பாரு, காதுக்குப் பின்னாடி சூடு வச்ச மாதிரி இருக்கு" என்று கூப்பிட்டீர்கள். நடுவில் கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. வலிக்காது, அரிக்காது என்பதால் பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது. அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் இறுகும் இடுப்பு எல்லாம் பார்த்த நாங்கள் பின்னலை அவிழ்க்கவில்லை.

காய்ச்சல், சிவந்த கண், தலைவலி மூன்றும் சேர்ந்து வந்தால் எதுவென்று சட்டென்று பிடிபடாது. கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவை நினைப்போம். மூக்கொழுகலும் இருமலும் இருந்தால் தட்டம்மை; மூன்று நான்கு நாளில் காதோரம் தொடங்கித் தடிப்பு இறங்கும். கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினால் எலிக்காய்ச்சல். 5 நாள் காய்ச்சலோடு உதடு வெடித்து நாக்கும் சிவந்தால் கவாசாகி என்ற நோய். அதை விட்டுவிட்டால் இருதய ரத்தக்குழாய் கெடும். கழுத்து விறைத்து வெளிச்சத்துக்குக் கண் கூசினால் மூளைக்காய்ச்சல், ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் பல பிள்ளைகளுக்கு ஒன்றும் காட்டாது. வழக்கமாகப் போடும் பென்சிலின் வகை ஊசியும் கேட்காது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் சூடு இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் தொடும். எல்லாப் பிள்ளைக்கும் பொருக்கு இருக்காது; இருந்தால் அதைவிடச் சீக்கிரம் வழி சொல்வது வேறில்லை. அந்த வழியை நீங்கள் காட்டினீர்கள்.

பேர்தான் உண்ணிக் காய்ச்சல். கடிப்பது மாட்டு உண்ணி அல்ல, புதரிலும் புல்லிலும் கிடக்கிற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு. கடித்துப் பத்து நாள் போல ஆகித்தான் காய்ச்சல் வரும். அதற்குள் பிள்ளை எந்தக் கரட்டில் விளையாடியது என்பதே பெற்றவர்களுக்கு மறந்திருக்கும்.

ராத்திரியில் ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடிய லேப் தம்பி, 108 ஓட்டுநர் அண்ணன், கஞ்சி கொண்டுவந்த எதிர்க்கட்டில் அம்மா, பாயை மாற்றி மாற்றி விரித்த அக்கா, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இனி காய்ச்சலோடு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முடியை விலக்கி, காதை மடக்கி, டார்ச் அடித்துப் பார்ப்போம். காய்ச்சல் அட்டையில் "காதுக்குப் பின்புறம், தலைமுடி" என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டோம்.

உங்கள் சீப்பு பாப்பாவின் கட்டிலிலேயே இருக்கிறது அப்பத்தா. பேரனை மறுபரிசோதனைக்குக் கூட்டிவரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் வார்டு செவிலியர்கள், மதுரை