இல்லாத கொலாஜனுக்கு விலை வாங்கியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உங்கள் ‘தாவரக் கொலாஜன்’ பொடியின் தவறான விளம்பரம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா/அம்மையீர்,

மூட்டுவலியால் அவதிப்படும் என் அம்மாவுக்காக உங்கள் பொடியை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அவர் சுத்த சைவம். டப்பாவின் முகப்பில் பச்சைப் புள்ளியும், அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘முழுவதும் தாவரக் கொலாஜன்’ என்ற வாசகமும் இருக்கின்றன.

எந்தச் செடியிலும் கொலாஜன் கிடையாது. விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள புரதம் அது. உடல் தானே கொலாஜனை உருவாக்கிக்கொள்ளத் துணைசெய்யும் பொருள்கள் தாவரங்களில் உண்டு, அவ்வளவுதான். அவற்றில் முதன்மையானது வைட்டமின் சி. கொலாஜனின் மூன்று புரத இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு உறுதிப்படுவதற்கு அது இன்றியமையாதது. அது நெடுநாள் கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். ஆறிய புண்கூடப் பிளந்துகொள்ளும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து மாலுமிகளைத் தேற்றியது ‘ஸ்கர்வி’ எனப்படும் இந்த நோயிலிருந்துதான். உங்கள் டப்பாவிலுள்ள மூலப்பொருள் பட்டியலிலோ வைட்டமின் சி கடைசியில், அளவே குறிப்பிடப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவையானதை ஒரு கொய்யாப்பழமே தந்துவிடும்.

உங்கள் பொடியில் சேர்த்துள்ள வல்லாரையை நான் குறைத்துப் பேசவில்லை. அதிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள், ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களில் கொலாஜன் உற்பத்தியைக் கூட்டியிருக்கிறது. அந்த உண்மையையே நேர்மையாகச் சொல்லி விற்றிருக்கலாமே?

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். பொடியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டினோம். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘மஞ்சளிலுள்ள குர்குமின் எத்தனை மில்லிகிராம்?’ என்று கேட்டார். வல்லாரை, மஞ்சள் சாறு, மிளகுச் சாறு எல்லாவற்றையும் ‘மூலிகைக் கலவை 2 கிராம்’ என்று ஒரே வரியில் அடைத்திருக்கிறீர்கள். செறிவூட்டிய குர்குமின், வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். மிளகிலுள்ள பைப்பரின் அந்தக் குர்குமினை உடலில் இன்னும் அதிகமாக ஏற்றிவிடும். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டப்பாவில் இதுபற்றி ஓர் எச்சரிக்கைகூட இல்லை.

உங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவு இல்லை’ என்று பதில் வந்தது. அரளி விதையும் இயற்கையானதுதான். வயதான ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு இதுவா பதில்?

முழுத் தொகையையும் 15 நாள்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். ‘தாவரக் கொலாஜன்’ என்ற சொல்லை டப்பாவிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் நீக்குங்கள். ஒவ்வொரு சாற்றின் அளவையும், ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுவோருக்கான எச்சரிக்கையையும் தெளிவாக அச்சிடுங்கள். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்திலும் புகார் பதிவு செய்வேன். ரசீது, டப்பாவின் நான்கு பக்கப் படங்கள், உங்கள் பதில் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்